எழுநூற்றொன்பது தண்ணீரில் இறங்கியது

எழுநூற்றொன்பதாம் நம்பர் இன்ஜினை வெட்டிப் பழைய இரும்பாக்க ஆட்கள் வருவதாக இருந்த வாரத்தில்தான் கான்சாஸ் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. ஐம்பத்தொன்றாம் வருஷம், ஜூலை மாதம். அந்த வருஷம் வசந்தத்தில் பிடித்த மழை விடவேயில்லை. கோதுமை வயலில் நின்றபடியே முளைவிட்டு அழுகியது. ஹாலோவே லோகோ ஷெட்டில் நாங்கள் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு சேற்றில் வேலை பார்த்தோம்.

என் வேலை விநோதமான வேலை. எங்கேயும் போகாத ஒரு இன்ஜினுக்குத் தீ மூட்டுவது.

அந்த வகை இன்ஜின்கள் மொத்தம் பத்து, எழுநூற்றொன்று முதல் எழுநூற்றுப்பத்து வரை. சிகாகோவிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் நடுவில் இன்ஜின் மாற்றாமல் பயணி வண்டியை இழுத்துப் போக வேண்டும் என்று எங்கள் ரயில் கம்பெனி ஆசைப்பட்டு, போருக்கு முன்னால் செய்து வாங்கியவை. முன்னால் நான்கு சின்னச் சக்கரம், பின்னால் உலையைத் தாங்க நான்கு, நடுவில் ஓடுவதற்கென்று ஆறு பெரிய சக்கரம். ஒவ்வொன்றும் ஏழடி. என் புருஷன் யூசேபியோ கையைத் தூக்கினால்தான் அதன் உச்சியைத் தொட முடியும். வெள்ளைக்காரர்கள் அவற்றை நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஷெட்டில் துடைத்துக் கூட்டிய மெக்சிகோக்காரர்கள் நாங்கள் ‘பத்து அக்காமார்’ என்போம். எழுநூற்று மூன்று கோபக்காரி, கை சுடாமல் விடமாட்டாள். எழுநூற்றாறு எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் குடிப்பாள். ஆனால் பத்துப் பேருக்கும் ஒரே குணம்: ஓடத் தொடங்கிவிட்டால் காற்று, கிளம்ப வைப்பதுதான் பெரும்பாடு. பந்தயக் குதிரையை ஏரில் பூட்டின மாதிரி நின்ற இடத்திலேயே சக்கரம் வழுக்கும்.

போர்க்காலத்தில் ஆண்கள் போய்விட்டதால் எங்களைப் போன்ற பெண்களை ஷெட்டுக்குள் விட்டார்கள். பதினெட்டுப் பெட்டி நிறையச் சிப்பாய்களை அடைத்துக்கொண்டு அக்காமார் இரவு பகலாக ஓடிய காலம் அது. போர் முடிந்ததும் டீசல் வந்தது. ஏழு அக்காமாரை வெட்டி உருக்கிவிட்டார்கள். மூன்று பேர் ஷெட்டுக்குப் பின்னால் புல்லில் நின்றார்கள். அதில் எழுநூற்றொன்பதை மட்டும் ஷெட்டுக்குள் கொண்டுவந்து, குளிர்காலத்தில் பெட்டிகளைச் சூடாக்கவும் மற்ற நாளில் பாகங்களைக் கழுவவும் ஆவி கொடுக்கிற வேலையைத் தந்தார்கள். ‘ஓடாத இன்ஜினுக்கு ஆம்பள பயர்மேன் எதற்கு’ என்று அதை என்னிடம் விட்டார்கள். இரண்டு வருஷமாக அவள் உலையில் எண்ணெய்த் தீயை ஏற்றுவதும் இறக்குவதும் நான்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மேஸ்திரி டெக்மையர் ஷெட்டுக்குள் ஓடி வந்தார். அவர் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை, அவ்வளவு பருமன். டிரைவர் கிரேபீல் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து முட்டைக்கோசும் இறைச்சியும் பொதிந்த பன்னைத் தின்றுகொண்டிருந்தார். அக்காமாரை ஓட்டிப் பேர் வாங்கிய மனிதர். இப்போது யார்டில் சரக்குப் பெட்டிகளை இங்கேயும் அங்கேயும் தள்ளும் சின்ன டீசலை ஓட்டிக்கொண்டு எந்நேரமும் எரிந்து விழுவார்.

“கிரேபீல், விடிவெள்ளி மாட்டிக்கிச்சு!” என்றார் மேஸ்திரி.

விடிவெள்ளி என்பது கிழக்கிலிருந்து எங்கள் ஊர் வழியாக மேற்கே போகும் பெரிய டீசல் எக்ஸ்பிரஸ்.

“எங்க?”

“காக்கா மேட்டுல. முன்னாடியும் தண்ணி, பின்னாடியும் தண்ணி. கார்டு போன்ல சொல்லிக்கிட்டிருக்கும்போதே லைன் செத்துப்போச்சு. இருநூறு பேருக்கு மேல இருக்காங்கய்யா. பாதி குழந்தை குட்டி. மேடு சாயந்தரம் வரைக்கும் தாங்காதுங்கறான்.”

“படகு?”

“கேட்டேனே. டோபீகா டவுன்ல கூரை மேல உக்காந்திருக்கிறவங்களுக்கே படகு பத்தலையாம்.”

“அப்ப இன்னொரு டீசல அனுப்பி இழு.”

“தண்டவாளத்துக்கு மேல ஒரு சாண் தண்ணி ஓடுது. டீசலுக்கு மோட்டாரெல்லாம் அச்சோட ஒட்டித் தொங்குது. நனைஞ்சா பொசுங்கிடும். அதுக்குப் பயந்துதானே அவனும் மேட்டுலயே நிறுத்திட்டான்!”

எங்களுக்குப் பின்னால் எழுநூற்றொன்பது உஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தோம். கழுவும் வேலைக்காக அன்றைக்கும் அவளுக்குள் தீ இருந்தது. அவளுக்கு மோட்டார் கிடையாது, கம்பி கிடையாது. நனைந்து கெடுவதற்கு ஒன்றும் கிடையாது. உலை மட்டும் நனையாமல் இருந்தால் போதும்.

“விளையாடாதீங்க. அது ரெண்டு வருஷமா ஒரு அடி நகரல” என்றார் கிரேபீல்.

“இத்தன நாளா நகரச் சொல்லி யாரு கேட்டா?” என்றேன் நான்.

கிரேபீல் மிச்சப் பன்னை முழுசாக வாயில் திணித்துக்கொண்டு எழுந்தார். அவ்வளவுதான், ஷெட்டே பரபரத்தது. ஒருவன் ஆவிக் குழாயைக் கழற்றினான். நான்கு பேர் எண்ணெய்க் கேன்களோடு சக்கரங்களுக்கு நடுவே புகுந்தார்கள். நான் மேலே ஏறி எண்ணெயைத் திறந்தேன். உலை உறுமியது. மந்தமாகவே கிடந்து பழகிய ஆவி அழுத்த முள், மெல்ல மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.

“சரி, என் பயர்மேன் யாரு?” என்று கீழேயிருந்து கேட்டார் கிரேபீல்.

“இருக்கிற ரெண்டு பேரும் ஆத்துக்கு அந்தப் பக்கம்” என்றார் மேஸ்திரி. “டெல்ஃபினாதான்” என்று என்னைக் கை காட்டினார்.

“பொம்பளையா? யூனியன்காரன் என் தலைய வாங்கிடுவான்!”

“நீந்தி வந்துல்ல வாங்கணும்!” என்றேன்.

அவர் என்னை முறைத்தார். பிறகு ஏறி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் கை தானாக ஆவியைத் திறக்கும் ரெகுலேட்டரைப் போய்ப் பிடித்ததை நான் பார்த்தேன். முகம் மாறிவிட்டது. பத்து வயசு குறைந்த மாதிரி.

அதற்குள் யூசேபியோ வந்துவிட்டான். அவன் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன். நீளமான இரும்புக் கம்பிகளோடு, கூட்டாளி புளூடார்கோவையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தான். இடுப்பில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை இன்ஜின் மூக்கில் முடிந்துகொண்டிருந்தான்.

“யோவ், என்னய்யா பண்றே?” என்று கேட்டேன்.

“முன்னால நடக்கப்போறேன். தண்ணிக்குள்ள தண்டவாளம் இருக்கா, ஓடிப்போச்சான்னு யாராச்சும் குத்திப் பாக்கணுமில்ல?”

“உனக்கு நீச்சலே தெரியாதே!”

“அதனாலதான் தண்டவாளத்த விட்டு இறங்க மாட்டேன்” என்று சிரித்தான். மாதாவே, இந்தக் கிறுக்கனைப் பார்த்துக்கொள் என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

கிரேபீல் ரெகுலேட்டரை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். கீழே எங்கேயோ காய்ந்த இரும்பு கிறீச்சென்று அலறியது. ஷெட் கூரையிலிருந்து புறாக்கள் பறந்தன. புகைபோக்கியிலிருந்து துருவும் தண்ணீரும் சேற்று மழையாகப் பொழிந்து மேஸ்திரியின் சட்டையை நாசமாக்கியது. அப்புறம் ஹூம் என்று ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. சுவர் பின்னால் போனது. சுவரா போகும்? நாங்கள்தான் போனோம்! மேஸ்திரி சேறு வழியும் முகத்தோடு தொப்பியைச் சுழற்றிக் கத்தினார்.

ஊர் எல்லையில் தண்ணீர் தொடங்கியது. அதற்கு மேல் பாதை தெரியவில்லை. தந்திக் கம்பங்கள் மட்டும் பழுப்பு வெள்ளத்தில் வரிசையாக நின்று வழி காட்டின. நான்கு பேரும் முழங்கால் தண்ணீரில் கம்பியால் குத்திக் குத்தி நடக்க, அவர்களுக்குப் பின்னால் அந்தப் பெரிய கறுப்பு மூக்கு மெல்ல ஊர்ந்தது. மணிக்கு நூறு மைல் ஓடச் செய்த இன்ஜின், நான்கு மனிதர்களின் நடைக்கு அடங்கி நடந்தது. அவசரப்பட்டால் அலை எழும்பும். அலை எழும்பினால் உலையின் அடித்தட்டுக்குள் தண்ணீர் பாயும். நான் ஒரு கண்ணைத் தண்ணீரிலும் ஒரு கண்ணைத் தீயிலும் வைத்திருந்தேன். ஒரு கோழிக்கூண்டு மிதந்து போனது. மேலே ஒரு சேவல் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துக் கூவியது.

“வழி விடச் சொல்லுதும்மா!” என்றார் கிரேபீல். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வளைவு திரும்பியதும் விடிவெள்ளி தெரிந்தது. சிவப்பும் வெள்ளியுமாகப் பளபளத்துக்கொண்டு ஒரு சின்னத் தீவின் மேல் நின்றது. எங்களைப் பார்த்ததும் ஜன்னல்கள் எல்லாம் கைகளாகிவிட்டன. ஆட்கள் கத்தினார்கள், அழுதார்கள், யாரோ மவுத் ஆர்கன் வாசித்தார்கள். டீசலிலிருந்து இளம் டிரைவர் ஒருவன் தலையை நீட்டினான்.

“இந்தக் கிழவிய எங்கேருந்து புடிச்சீங்க?”

“வாய மூடிக்கிட்டு உன் மூக்கத் திறடா!” என்று கத்தினார் கிரேபீல். டீசலின் அழகான மூக்குக்குள் கொக்கியை ஒளித்து வைத்து மூடியிருந்தார்கள். அந்த மூடி திறக்கவில்லை. யூசேபியோவும் புளூடார்கோவும் கம்பியை நுழைத்து நெம்பிப் பிய்த்தே எறிந்தார்கள். கொக்கி மாட்டிக்கொண்டது.

இனி நாங்கள் பின்பக்கமாக ஊருக்கு இழுத்துப்போக வேண்டும். கிரேபீல் இழுத்தார். ஏழடிச் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே கரகரவென்று சுற்றின. வண்டி அசையவில்லை. மறுபடியும் இழுத்தார். மறுபடியும் வெறும் சுற்று. அக்காமாரின் பழைய குணம்! மூன்று டீசல், பதினொரு பெட்டி, ஈரத் தண்டவாளம்.

“பாரம் குறைக்கணும்” என்றார் அவர். “எல்லாரையும் முன் அஞ்சு பெட்டிக்குள்ள ஏத்துங்க. மிச்சத்தக் கழட்டி இங்கேயே விட்டுடலாம்.”

கார்டு பெட்டி பெட்டியாக ஓடினார். மூட்டை முடிச்சு, பறவைக்கூண்டு, தூங்கும் குழந்தை என்று எல்லாம் முன்னால் நகர்ந்தன. கழற்றிவிட்டுக் கொக்கி விலகியதும் கிரேபீல் மூன்றாம் தடவை இழுத்தார். வண்டி ஒரு முழம் நகர்ந்து, சக்கரம் வழுக்கி, நின்றது.

“மணல்!” என்று கத்தினார். “மணல் தொட்டியில மணல் இருக்கா?”

சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தில் மணல் தூவும் அந்தத் தொட்டி காலியாகி இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் என்னிடம் இரண்டு வாளி காய்ந்த மணல் இருந்தது. எண்ணெய்த் தீ பாய்லர் குழாய்களில் கரியைப் படியவிடும். நடுநடுவே ஒரு அகப்பை மணலை உலைக்குள் வீசினால் அது கரியைச் சுரண்டிக்கொண்டு போகும். அந்த மணலைக் கொடுத்துவிட்டால் போகப் போக ஆவி குறையும். யோசிக்க நேரமில்லை. இரண்டு வாளியையும் கீழே நீட்டினேன்.

தண்டவாளம் அந்த மேட்டில் மட்டும் இன்னும் தண்ணீருக்கு மேலே இருந்தது. யூசேபியோ கைகையாக மணலை அள்ளித் தூவினான். அதைப் பார்த்ததும் பயணிகளில் பத்துப் பதினைந்து பேர் குதித்து இறங்கிவிட்டார்கள். பட்டுச் சட்டை போட்ட ஒருவர் மண்டி போட்டுத் தண்டவாளத்தைத் தன் கோட்டால் துடைத்துக்கொண்டே வந்தார்.

“எல்லாரும் ஏறுங்க! ஏறுங்க!” என்று கார்டு கத்தினார்.

சக்கரம் மணலைக் கடித்தது. நறநறவென்று ஒரு சத்தம். வண்டி நகர்ந்தது! ஐந்து பெட்டியிலிருந்தும் எழுந்த கூச்சலில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. “புடிச்சுக்கிட்டா! புடிச்சுக்கிட்டா!” என்று நானும் கத்தினேன்.

திரும்பும்போது தண்ணீர் கூடியிருந்தது. யூசேபியோ ஆட்களால் முன்னால் நடக்க முடியவில்லை. இன்ஜினுக்குப் பின்னால் எண்ணெயும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரின் பின் படிக்கட்டில் கயிற்றை முடிந்து தொங்கிக்கொண்டு கம்பியால் துழாவிக்கொண்டே வந்தார்கள். ஒரு சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் யூசேபியோ கையைத் தூக்கினான்.

“அடியில ஜல்லி இல்ல! தண்டவாளம் தொங்குது!”

“எவ்வளவு தூரம்?” என்றார் கிரேபீல்.

“ரெண்டு ஆள் நீளம்!”

கிரேபீல் என்னைப் பார்த்தார். “நின்னா மறுபடி கிளம்பாது. என்னம்மா சொல்றே?”

“நிக்காதீங்க.”

நிற்கவில்லை. டெண்டர் முதலில் ஒரு பக்கம் சாய்ந்தது. படிக்கட்டில் யூசேபியோவைக் காணவில்லை. என் பக்கம் ஜன்னலுக்குக் கீழே அவன் தொப்பி மட்டும் மிதந்து போனது. தீயை விட்டு நகர முடியாது. நகர்ந்தாலும் என்ன செய்வேன்? கயிறு விறைத்தது. புளூடார்கோவின் இரண்டு கைகள் அதை இழுப்பதைப் பார்த்தேன். இழுக்க இழுக்க, முதலில் ஒரு கை, பிறகு வாயிலிருந்து பழுப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு என் புருஷனின் தலை வந்தது.

அதே நேரம் இன்ஜினும் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தது. அலை எழும்பி உலையின் அடியில் மோதியது. புஸ்ஸென்று வெள்ளை ஆவி கேபினுக்குள் அடித்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் உலைக்குள் இருட்டு.

“தீ போச்சு!” என்றேன்.

“திரும்ப ஏத்து!”

“அடித்தட்டு முழுக்கத் தண்ணி. எதுல ஏத்தறது?”

தீ இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய பாய்லர் நிறையக் கொதித்த தண்ணீர் இருந்தது. அதிலிருக்கும் ஆவியை வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டும். எண்ணெயை அடைத்தேன். ஆவி குடிக்கிற ஒவ்வொரு வால்வையும் தேடித் தேடி மூடினேன். புதுத் தண்ணீர் விட்டால் பாய்லர் குளிர்ந்துவிடும் என்று அதையும் விடவில்லை. கணப்புக்கு முன் உட்கார்ந்த பூனை மாதிரி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு நூல் இறங்கியது. மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது.

தண்ணீர் கோபுரம் தெரிந்தது. அப்புறம் ஷெட் கூரை. கரை ஏறிவிட்டோம், தண்டவாளம் காய்ந்திருந்தது. பிளாட்பாரத்தில் ஊரே நின்றது. கிரேபீலின் கை ஊதல் கயிற்றுக்குப் போனது.

“ஊதாதீங்க!” என்று அவர் கையை அடித்தேன். “இருக்கிற ஆவி போயிடும்!”

அடி வாங்கிய பிள்ளை மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டார். இன்ஜின் பிளாட்பாரத்தின் பாதி தூரம் உருண்டது, பெருமூச்சு விட்டது, இன்னும் கொஞ்சம் உருண்டது. ஐந்தாம் பெட்டியும் பிளாட்பாரத்துக்குள் வந்தது. நின்றாள்.

“இப்ப?” என்று கேட்டார்.

“இப்ப ஊதுங்க.”

மிச்சமிருந்த ஆவியில் கன்றுக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம்தான் வந்தது. ஆனாலும் ஊர் முழுக்கக் கேட்ட மாதிரி ஜனம் ஆர்ப்பரித்தது.

நான் இறங்கி யூசேபியோவின் நனைந்த சட்டையைப் பிடித்து இழுத்து ஒரு அறை விட்டேன். பிறகு கட்டிக்கொண்டேன்.

“எதுக்குடி அடிச்சே?”

“தண்டவாளத்த விட்டு இறங்க மாட்டேன்னு சொன்னேல்ல!”

அன்றிரவு வெள்ளம் ஷெட் வரைக்கும் ஏறியது. அது வடிந்தபோது ஷெட்டைச் சுற்றியிருந்த டீசல்களில் பாதிக்கு மோட்டார் நாசம். ஒவ்வொன்றாகக் கழற்றி அடுப்பில் ரொட்டி சுடுவது போலச் சுட்டு உலர்த்தினார்கள். அது முடியும் வரை வண்டிகளை யார் இழுப்பது? வெட்டுகிறவர்களை மேஸ்திரி வாசலிலேயே திருப்பி அனுப்பினார். எழுநூற்றாறையும் புல்லிலிருந்து வெளியே எடுத்தோம். யூனியன்காரர் வந்தார். கேபினில் நின்ற என்னைப் பார்த்தார், சேறு அப்பிய டீசல்களைப் பார்த்தார், “நான் ஒண்ணும் பாக்கல” என்று சொல்லிவிட்டுப் போனார். குளிர்காலத்துக்குள் எழுநூற்றொன்பதையும் மற்ற இரண்டு அக்காமாரையும் வெட்டிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால், டீசல்கள் உலரும் வரை அவர்கள் ஓடிய அந்த மூன்று வாரம் இருந்ததே!

அதில் ஒரு காலை, வெள்ளம் எட்டாத மேற்குப் பாதையில், ஏழு பெட்டி மாட்டிக்கொண்டு கிளம்பினோம். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஊர் தாண்டியதும் பாதை ஒரே நேர்கோடு. கண்ணுக்கெட்டிய தூரம் புல்.

கிரேபீல் என் பக்கம் சாய்ந்தார். “ஏம்மா, இவ ஓடி நீ பாத்திருக்கியா?”

“எங்க? நான் தொடச்சிருக்கேன், தீ போட்டிருக்கேன். ஏறி ஓடினதில்ல.”

“தொப்பியக் கெட்டியாப் புடிச்சுக்க.”

ரெகுலேட்டரை முழுக்கத் திறந்தார். நான் எண்ணெயைத் திறந்தேன். ஹூம் ஹூம் என்ற மூச்சுகள் நெருங்கின, ஒன்றோடொன்று சேர்ந்தன, கடைசியில் ஒரே முழக்கமாகிவிட்டன. கம்பங்கள் வேலியாகத் தெரிந்தன. பக்கத்துச் சாலையில் ஒரு கார்க்காரன் எங்களோடு போட்டி போட்டான். கையசைப்பதற்குள் பின்னால் போய்விட்டான். கேபின் தரை என் காலுக்கடியில் துள்ளியது. உலை வெள்ளையாக எரிந்தது. மேட்டில் வேலை செய்துகொண்டிருந்த கேங்மேன்கள் கம்பியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். அதில் யூசேபியோவும் இருந்தான். நான் பாதி உடம்பை வெளியே நீட்டி அவன் பெயரைக் கத்தினேன். அவன் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான், வாயைத் திறந்து ஏதோ சொன்னான். காற்று அதைக் கொண்டுபோய்விட்டது.

“இன்னும் போகுமா?” என்று கேட்டேன்.

“நீ ஆவி குடுக்கிற வரைக்கும் போவா!” என்றார் கிரேபீல்.

கொடுத்தேன்.